கீழக்கரையை நடந்து பார்ப்பது எப்படி

இராமநாதபுரம் கடற்கரையில் பணமுள்ள ஊர் எது என்று கேட்டால் யோசிக்காமல் கீழக்கரை என்பார்கள். முதல்முறை வந்து இறங்குகிறவர் கண்ணுக்கு அது படாது. பஜாரில் ஒரு டீ, கொஞ்சம் நெரிசல், கொஞ்சம் வெயில். 'இங்கே பார்க்க என்ன இருக்கு' என்று ஏர்வாடிக்கு வண்டி ஏறிவிடுவார். முத்தும் சங்கும் ரத்தினக் கல்லும் விற்றுச் சேர்த்த காசு இங்கே தெருவைப் பார்த்து நிற்கவில்லை, மதிலுக்குள் முற்றத்தைப் பார்த்து நிற்கிறது. அதனால் இந்த ஊரில் வாசல், தூண், சுவர் மூன்றையும் வெளியே நின்றே பார்க்கத் தெரிய வேண்டும். அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது.

ரயில் இராமநாதபுரம் வரைதான். அங்கிருந்து தெற்கே சுமார் 17 கிலோமீட்டர். நகரப் பேருந்து நிறைய உண்டு, அரை மணிக்குக் கொஞ்சம் கூடுதலாகும். காரில் வருகிறவர்கள் முக்கு ரோட்டுப் பக்கமே வண்டியை நிறுத்திவிடுங்கள். உள்தெருக்களில் எதிரே ஒரு மீன் வண்டி வந்தால் போதும், பின்னாலேயே போக வேண்டியதுதான். ஏழு மணிக்கு நடையைத் தொடங்கினால் பதினொன்றரைக்குள் ஊரைப் பார்த்து முடிக்கலாம். அதற்கு மேல் வெயிலும் ஏறும், லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்கான பாங்கும் நெருங்கும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பள்ளிவாசல் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். அந்த நேரத்தில் கடைகளும் பெரும்பாலும் அடைத்திருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். அப்போது வருவதானால் அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு வாருங்கள், நோன்புக் கஞ்சி நேரத்தில் ஊரே வேறு முகமாக இருக்கும். மாதம் என்று பார்த்தால் ஜனவரி, பிப்ரவரி உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரைக்குப் பிறகு வெக்கை, அதோடு கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும்: நிலத்தடி நீர் உப்பு, குழாயில் பிடித்துக் குடிக்கலாம் என்று நம்பி வராதீர்கள். முழங்காலுக்குக் கீழே வரும் உடை, தலையில் போட ஒரு துணி, கழற்றி மாட்ட எளிதான செருப்பு.

நடுத்தெரு ஜும்மா பள்ளி

வள்ளல் சீதக்காதி சாலை வழியாக உள்ளே வந்து நடுத்தெரு ஜும்மா பள்ளியில் தொடங்குவது நல்லது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தில், சீதக்காதி கட்டிய பள்ளி. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அந்தச் சீதக்காதிதான். பெயர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். நாக்கில் உருண்டு உருண்டு சீதக்காதி ஆயிற்று. படிக்காசுப் புலவர் அவர் இறந்த செய்தி கேட்டு அடக்கத்தலத்தில் வந்து அழ, கப்ருக்குள்ளிருந்து மோதிரக் கை நீண்டது என்பது கதை. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் தூண்டியவரும் அவரே. அந்தக் காப்பியத்துக்கு வேண்டிய செய்திகளுக்காக உமறு அணுகிய மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பா (1632–1703). சீதக்காதி, சதக்கத்துல்லா அப்பா இருவரின் அடக்கத்தலமும் இங்கேதான்.

உள்ளே போகலாமா என்று வாசலில் இருப்பவரிடம் கேளுங்கள். வயதில் மூத்த ஆண்களை 'காக்கா' (அண்ணன்) என்று கூப்பிட்டால் போதும், முகம் மலரும். பெண்கள் எதுவரை வரலாம், போட்டோ எடுக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எடுத்துவிட்டுக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யும் தொட்டியில் கால் நனைக்காதீர்கள், தொழுபவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள்.

தூண்களைப் பார்க்கும்போது பின்னால் தள்ளி நின்று மொத்தமாகப் பார்த்துவிட்டு வருவது வீண். ஒரே ஒரு தூணைத் தேர்ந்தெடுங்கள். கீழே சதுரம், மேலே பட்டை, அதற்கு மேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகை. கோயில் மண்டபத்தில் எந்தக் கைகள் செதுக்கினவோ அதே மரபுக் கைகள் இங்கும் உளி பிடித்திருக்கின்றன. வேறுபாடு ஒன்றில்தான்: கோயிலில் யாளியும் பாவையும் வரும் இடத்தில் இங்கே இதழும் கொடியும் கோலக் கட்டமும். உருவம் கூடாது என்றதும் தச்சன் கைத்திறன் முழுக்கப் பூவுக்குள் இறங்கிவிட்டது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது செதுக்கின் ஆழம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். சீக்கிரம் வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து பழைய ஜும்மா பள்ளி. இஸ்லாம் தோன்றிய காலத்திலேயே கட்டப்பட்டது என்பது ஊர் வழக்கு. அந்த ஆண்டைத் தூணில் தேடி ஏமாறாதீர்கள். பல முறை புதுப்பித்த கட்டடம், வழக்கு அதைவிட மூத்தது. கையில் போன் இருந்தால் வெளியே நின்று திசைகாட்டியைத் திறந்து பாருங்கள். இங்கிருந்து மக்கா நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து ஏறக்குறைய 23 டிகிரி வடக்கே. ஒவ்வொரு பள்ளியின் சுவரும் அதற்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பது நல்ல விளையாட்டு.

நேரமிருந்தால் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தைக்காவுக்கும் (சூஃபி ஞானியர் மடம்) போய் வாருங்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அர்வி மரபில் பெரிய பெயர் அவர்.

வீடுகள்

தெருவில் நடக்கும்போது தலைவாசலையும் சுவரின் அடிப்பக்கத்தையும் மட்டும் கவனியுங்கள். பழைய வீடுகளில் திண்ணை, தேக்குக் கதவு, அதற்குள் நீண்ட நடை, கடைசியில் முற்றம். கதவு திறந்திருந்தாலும் நடையில் ஒரு திரை தொங்கும். அந்தத் திரை வரைதான் உங்கள் பார்வைக்கு உரிமை. வீடுகளுக்கு நடுவே ஓடும் ஒடுக்கமான முடுக்குகள் பெரும்பாலும் பெண்கள் புழங்கும் வழி. குறுக்குவழி என்று ஆண்கள் அதில் நுழையக் கூடாது. இங்கே வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அடுத்தடுத்த வாசல்கள் அக்கா, தங்கை வீடுகளாக இருப்பது அதனால்தான்.

சுவரின் கீழ் மூன்றடியைப் பாருங்கள். பழைய சுவர், கடல் கல்லும் (பவளப் பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உப்பு உள்ளேயே தங்கி, பூச்சுக்குப் பின்னால் வெள்ளையாகப் பூத்து, அப்பளம் போலப் பூச்சு எழும்பிக் கழன்று விழும். எந்த வீடு எந்தக் காலத்தில் எப்படிப் பழுது பார்க்கப்பட்டது என்பதை இந்த மூன்றடியே சொல்லிவிடும். தொட்டுப் பார்க்கலாம், சுரண்டக் கூடாது.

தெருவில் ஆட்களைப் படம் எடுக்காதீர்கள். கதவை எடுப்பதானாலும் வீட்டுக்காரர் நின்றால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடலும் தொதலும்

கடற்கரை ஜெட்டிக்குப் போனால் மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் வந்துவிட்டீர்கள். 21 தீவுகளில் ஏழு கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்தவை: ஆனைபார், வாலிமுனை, அப்பா, பூவரசன்பட்டி, தலையாரி, வாழை, முள்ளி. இவற்றில் பூவரசன்பட்டி கடலுக்குள் மூழ்கிவிட்டது. பவளப் பாறைகளை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். சற்று முன் தெருவில் பார்த்த கடல் கல் சுவர்களை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பாருங்கள். 1986 முதல் இது தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் தீவில் இறங்க முடியாது. 'ரகசியமாகக் கொண்டுபோய் விடுகிறேன்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், வனத்துறையிடம் மாட்டுவது நீங்களும்தான். பவளக் கல், காய்ந்த கடல் அட்டை எதையும் நினைவுப் பொருளாக வாங்கவோ பொறுக்கவோ வேண்டாம். இரண்டும் 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

திரும்பும் வழியில் தொதல் வாங்குங்கள். அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி அல்லது சீனி, நெய், முந்திரி. மணிக்கணக்கில் கை ஓயாமல் கிண்டிய பண்டம். நல்ல தொதலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல மேலே வரும், விரலில் எண்ணெய் மினுக்கம் மட்டும் இருக்கும், மாவு ஒட்டாது. ஒட்டினால் கிண்டல் போதவில்லை, தேங்காய்ப் பாலில் நீர் நின்றுவிட்டது, இரண்டு நாளில் புளிக்கும். சூட்டோடு டப்பாவில் அடைத்துக் கொடுத்தால் மூடியைத் திறந்தே கொண்டுபோங்கள். மூடினால் ஆவி வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். காலைப் பசியாற இடியாப்பமும் கறி ஆனமும் (கறிக் குழம்பு) கிடைக்கும். வட்டலப்பம் என்கிற முட்டை, தேங்காய்ப் பால் இனிப்பு கடையைவிடக் கல்யாண வீட்டில்தான் நன்றாயிருக்கும், அதற்கு அழைப்பு வேண்டும்.

மிச்ச நேரம்

இராமநாதபுரம் திரும்பும் சாலையிலேயே திருப்புல்லாணி, 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அங்கிருந்து நாலு கிலோமீட்டரில் சேதுக்கரை. உத்தரகோசமங்கை மரகத நடராசரை ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில்தான் காணலாம். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பு களையப்படும், அன்று கூட்டத்துக்குத் தயாராக வாருங்கள். கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். ஆகவே கீழக்கரையைக் காலையில் முடித்து, வெயில் நேரத்தைச் சாப்பாட்டில் கழித்து, நாலு மணிக்கு மேல் திருப்புல்லாணிக்குப் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டு இடத்திலும் மூடிய கதவுதான்.