தேய்த்தால் போகாத கறை: பல் சுத்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பெரியம்மாவுக்குத் தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன ஊர். சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள். அதை அழுக்கு என்று நம்பி நாற்பது வருடம் தேய்த்தார். செங்கல்லை இடித்துச் சலித்த பொடி, உமிக்கரி, கல்லுப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் விரலில் தொட்டுத் தேய்த்தார். கறை அப்படியே இருந்தது, பல்தான் தேய்ந்தது. முன்பற்களின் விளிம்பு மெலிந்து, பச்சைத்தண்ணீர் பட்டாலே கூச்சம். ஐம்பத்தெட்டு வயதில் முதன்முறையாகப் பல் மருத்துவரிடம் போனபோது அவர் சொன்னார்: “இது அழுக்கு இல்லைம்மா. பல்லு உருவாகும்போதே உள்ளே படிஞ்ச நிறம். எவ்வளவு தேய்ச்சாலும் போகாது.”

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரை, பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதில் குடித்து வளர்ந்தால், பல்லின் மேல் ஓடான எனாமலுக்குள்ளேயே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழுந்துவிடும். இதற்குப் பெயர் ஃபுளுரோசிஸ். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான். அதன் முழுப் பெயரில் ‘ஃபுளுரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்பதும் சேர்ந்திருக்கிறது.

குச்சி, பொடி என்ற பழைய முறை நல்லதா, பிரஷ், கிளினிக் என்ற புதிய முறை நல்லதா என்று விவாதிக்கிறவர்கள் பலரும் பெரியம்மா செய்த அதே தவறைத்தான் செய்கிறார்கள். பல்லில் இருப்பது என்ன என்று பார்ப்பதற்கு முன்பே, எதைக் கொண்டு தேய்ப்பது என்று யோசிக்கிறார்கள்.

பல்லில் படிவதையும் தெரிவதையும் நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, பாக்டீரியாவால் ஆன மெல்லிய, வழவழப்பான படலம். நாக்கால் தடவினால் தெரியும், தினமும் வரும். இரண்டாவது, அந்தப் படலத்தை எடுக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து இறுகிப் போகும் காரை. மூன்றாவது, டீ, வெற்றிலை பாக்கு, புகையிலையால் மேற்பரப்பில் ஏறும் கறை. நான்காவது, பெரியம்மாவுக்கு இருந்தது போலப் பல்லுக்குள்ளேயே இருக்கும் நிறம். வேப்பங்குச்சியோ பிரஷோ முதலாவதற்குத்தான். இரண்டாவதற்கு மருத்துவரின் ஸ்கேலிங், அதாவது கருவியால் காரையை எடுப்பது. மூன்றாவதற்குப் பாலிஷிங். நான்காவதற்குச் சுத்தம் செய்வது எதுவும் பலிக்காது. அதற்கு வேறு சிகிச்சை.

குச்சியும் பொடியும்

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பதில் வரும் ‘வேல்’ என்பதைப் பலர் வேம்பு என்றே நினைக்கிறார்கள். அது வேலமரம், அதாவது கருவேலம். ஆலுக்கும் கருவேலத்துக்கும் பொதுவானது துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு ஈறை இறுகப் பிடிப்பது போன்ற உணர்வைத் தரும். குச்சியின் நுனியை மென்று நார் நாராக்கினால் அதுவே ஒரு பிரஷ். அரபு நாடுகளில் புழங்கும் மிஸ்வாக் குச்சியை உலக சுகாதார நிறுவனமே 1986இல் பரிந்துரைத்தது. எனவே குச்சியைக் கேலி செய்ய இடமே இல்லை.

தவறு, அதைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. நுனியை நன்றாக மெல்லாமல், கட்டைக் குச்சியைக் குறுக்குவாட்டில் வைத்து ஈறோடு சேர்த்து இழுப்பவர்களுக்கு ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிய ஆரம்பிக்கும். கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்துக்கும் பல் இடுக்குக்கும் குச்சி எட்டாது. கசப்பு இருந்ததால் வாய் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பதும் தவறு. கசப்பு நாக்கில் தெரிகிறது, படலமோ இடுக்கில் இருக்கிறது. குச்சி பிடித்திருந்தால் காலையில் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரவில், ஃபுளோரைடு உள்ள பேஸ்டோடு மென்மையான பிரஷ் கட்டாயம் வேண்டும்.

உமிக்கரி விஷயம் வேறு. நெல் உமியில் சிலிக்கா நிறைய இருக்கிறது. மணலில் இருப்பதும் சிலிக்காதான். உமிக்கரி ‘பளிச்’ என்று ஆக்குவதன் காரணம் இந்தச் சொரசொரப்பு. பேஸ்ட்டிலும் சிலிக்கா உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அதில் துகளின் அளவும் கடினமும் கட்டுப்படுத்தப்பட்டவை. ஒரு பேஸ்ட் பல்லை எவ்வளவு அராவலாம் என்பதற்குச் சர்வதேச வரையறையே இருக்கிறது. வீட்டில் இடித்த கரிக்கும் செங்கல்பொடிக்கும் அப்படி எந்த அளவும் கிடையாது. எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் மிகத் தடிமனான இடத்திலும் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான், ஈறோரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதை உருவாக்கிய செல்கள் பல் முளைத்ததோடு அழிந்துவிடுகின்றன. தேய்ந்தது தேய்ந்ததுதான், திரும்ப வளராது. எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் தெரியும். வெளுக்க வேண்டும் என்று தேய்த்த பல் இன்னும் மஞ்சளாவது இதனால்தான். இப்போது கருப்பு டியூபில், நல்ல விலைக்கு, ‘சார்கோல்’ என்று விற்பதற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

எலுமிச்சையும் சோடா உப்பும் கலந்து தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். அமிலத்தை அளக்கும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். எனாமல் கரையத் தொடங்குவது பி.எச். 5.5 அளவில், எலுமிச்சைச் சாறோ 2 முதல் 3க்குள் இருக்கும். அமிலத்தால் இளகிய எனாமலை உடனே தேய்ப்பது இரட்டை நஷ்டம். இதே காரணத்தால், புளிப்பான பழச்சாறு குடித்தவுடன் பல் துலக்காமல் அரை மணி நேரம் பொறுப்பதும் நல்லது.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது வாய்க்கு இதமாக இருக்கலாம். பிரஷ் செய்வதற்குப் பதிலாக அதைச் செய்வதுதான் தவறு. காரையை எண்ணெய் கரைக்காது.

புகையிலை கலந்த பல்பொடி, பேஸ்ட் எல்லாவற்றையும் இந்திய அரசு 1992இலேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் ‘பல்வலிக்கு நல்லது’ என்று புகையிலைத் தூளை ஈறில் அழுத்தும் பழக்கம் வயதானவர்களிடம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

‘கிளீன் பண்ணா பல்லு ஆடும்’

ஊரில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. இந்த ஒரு பயத்தால் எத்தனையோ பேர் பல்லை இழந்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணாடியில் கீழ் முன்பற்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். காரை முதலில் கட்டுவது அங்கேதான். காரணம், எச்சில் சுரப்பிகளின் வாய் அந்த இடத்தில் திறக்கிறது. மேல் கடைவாய்ப் பற்களின் கன்னத்துப் பக்கமும் அப்படித்தான். சில நாட்கள் விட்டாலே படலம் இறுகத் தொடங்கிவிடும். இறுகியபின் எந்த பிரஷாலும் வராது. காரையின் சொரசொரப்பில் மேலும் பாக்டீரியா ஒட்டும், ஈறு வீங்கும், இரத்தம் கசியும், கடைசியில் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். பல் ஆடுவதற்குக் காரணம் இந்த எலும்பு கரைவதுதான். ஆடும் பல்லைச் சுற்றிக் காரை சிமெண்ட் பூசியது போலப் பிடித்துக்கொண்டிருந்ததால், ஆட்டம் வெளியே தெரியாமல் இருந்திருக்கும். காரையை எடுத்ததும் தெரிகிறது. பழி ஸ்கேலிங்கின் மேல் விழுகிறது. ‘இடைவெளி வந்துடுச்சு’ என்பதும் அதேதான். அந்த இடைவெளியில் முன்பு இருந்தது காரை.

ஸ்கேலிங் செய்யும் அல்ட்ராசோனிக் கருவியின் முனை நொடிக்கு இருபத்தைந்தாயிரம் தடவைக்கும் மேல் அதிர்கிறது. அந்த அதிர்வில் காரை உதிர்கிறது. கூடவே பீய்ச்சும் தண்ணீர் முனையைக் குளிர்வித்து, உதிர்ந்ததை அலசிவிடுகிறது. பல்லை அறுப்பதோ ராவுவதோ அதன் வேலை இல்லை. முடித்தபின் சில நாட்கள் கூச்சம் இருப்பது இயல்பு. இவ்வளவு காலம் மூடிக் கிடந்த வேர்ப்பகுதியில் இப்போது காற்றும் தண்ணீரும் படுகின்றன. கருவிதான் புதியது, காரையைச் சுரண்டி எடுக்கும் வைத்தியம் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் கார்டோபா அருகே வாழ்ந்த அல்-சஹ்ராவி, காரை எடுப்பதற்கென்றே பதினான்கு சுரண்டிகளைத் தம் மருத்துவ நூலில் விவரித்திருக்கிறார்.

இரத்தம் வருகிறது என்று பல் துலக்குவதை நிறுத்துவது அடுத்த தவறு. 1965இல் ஹரால்டு லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளர், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனதில் சரியானது. இரத்தம் வரும் இடத்தில்தான் படலம் தங்கியிருக்கிறது. அங்கே மெதுவாக, ஆனால் தவறாமல் துலக்க வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் நிற்காவிட்டால் உள்ளே காரை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஆன்லைனில் சுரண்டிக் கருவிகளை வாங்கி வீட்டிலேயே காரை எடுப்பதும், ஊக்கால் நோண்டுவதும் வேண்டாம். ஈறைக் கிழிப்பதோடு, கண்ணுக்குத் தெரியும் காரையை உடைத்துவிட்டு ஈறுக்கு அடியில் இருப்பதை அப்படியே விட்டுவிடுவீர்கள். கெடுதல் செய்வது அந்த அடிக்காரைதான். தெருவோரத்தில் ஐந்தே நிமிடத்தில் ‘பல் வெளுப்பு’ செய்கிறவர்கள் ஆசிட் தடவுகிறார்கள். அது கறையை மட்டும் எடுப்பதில்லை, எனாமலையும் சேர்த்தே அரிக்கிறது.

கிளினிக்கில் ஏமாறும் இடங்கள்

ஸ்கேலிங்குக்குப் போய்விட்டு ‘பல் வெள்ளையாகலையே’ என்று வருந்துவார்கள். ஸ்கேலிங் வேறு, பல்லை வெளுக்க வைக்கும் பிளீச்சிங் வேறு. ஸ்கேலிங், பல்லின் சொந்த நிறத்தை மட்டுமே காட்டும்.

தண்ணீரோடு பொடியைப் பீய்ச்சும் ஏர் பாலிஷிங் இப்போது பல இடங்களில் இருக்கிறது. கறைக்கும் படலத்துக்கும் நல்லது, வலியும் குறைவு. இறுகிய காரையை அது மட்டுமே எடுத்துவிடாது. அதில் சோடா உப்புப் பொடி பயன்படுத்துகிறார்கள் என்றால், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிளைசின், எரித்ரிட்டால் போன்ற மென்மையான பொடிகளும் உண்டு. ‘லேசர் கிளீனிங்’ என்ற பெயருக்காக மட்டும் பல மடங்கு பணம் கொடுக்காதீர்கள். சாதாரண ஸ்கேலிங்கைவிட அது மேல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயமா? எல்லோருக்கும் இல்லை. ஈறு ஆரோக்கியமாக இருந்து, தவறாமல் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு வழக்கமான ஸ்கேலிங்கால் பெரிய வித்தியாசம் இல்லை என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்கிறது. பிரிட்டனின் வழிகாட்டுதல்படி, பெரியவர்களின் பரிசோதனை இடைவெளி ஆளைப் பொறுத்து 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரை. ஆனால் பத்து வருடமாகப் பல் மருத்துவரைப் பார்க்காதவர் இந்த ஆய்வைச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இடைவெளி இன்னும் குறைய வேண்டும். ஈறு நோய் சர்க்கரையை ஏற்றுகிறது, சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது.

நாற்காலியில் உட்காரும் முன் வாய் திறந்து சொல்ல வேண்டியவை: பேஸ்மேக்கர் (சில வகை அல்ட்ராசோனிக் கருவிகள் அதற்கு ஆகாது, கைக்கருவியால் செய்துவிடுவார்கள்), செயற்கை இதய வால்வு, இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, பல் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்திய செயற்கைப் பல்). அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். மருத்துவர்கள் பேசி முடிவு செய்யட்டும். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேலிங் ஆகாது என்பது வெறும் பயம். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை மிகவும் வசதியான காலம்.

செலவுக்குத் தயங்குகிறவர்கள் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் மாணவர்கள், பேராசிரியர்களின் மேற்பார்வையில் நிதானமாகவே செய்வார்கள். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் செய்வதற்கும் ஒரு திருத்தம். பிரஷ் செய்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் பலமுறை அலச வேண்டாம். பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடு பல்லில் தங்க வேண்டும். அதிகமாகக் குடித்தால் கறையாக்கும் அதே ஃபுளோரைடு, மேற்பூச்சாக இருக்கும்போது எனாமலைக் காக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவு பேஸ்ட், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. விழுங்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவுக்கு முதலில் ஸ்கேலிங் செய்தார்கள். பிறகு தேய்ந்த முன்பற்களில் பல் நிறத்திலேயே பூச்சு வைத்தார்கள். செங்கல்பொடி டப்பாவைப் பேத்தி தூக்கி எறிந்துவிட்டாள். காலையில் வேப்பங்குச்சியை மட்டும் விட மாட்டேன் என்று பெரியம்மா பிடிவாதமாகச் சொன்னபோது மருத்துவர் மறுக்கவில்லை. “நுனியை நல்லா மென்னுட்டு மெதுவா தேயுங்கம்மா, ராத்திரி மட்டும் பிரஷ்” என்றார். போன பொங்கலுக்கு எடுத்த போட்டோவில் முந்தானை தோளில்தான் இருக்கிறது.