தானா ராத்தாவில் வேகாத கொண்டைக்கடலை

மலேசியாவின் தாழ்நில ஊரான சுங்கை சிப்புட்டில் சட்டியிலேயே வெந்த கடலை, கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்குக் குடிவந்த பிறகு இரவெல்லாம் ஊறியும் வேகவில்லை. வேறு கடலை வாங்கினேன், சமையல் சோடா போட்டேன், தீயைக் கூட்டினேன். நான்கு நாள் வீண்.

தளதளவென்று கொதித்த நீரில் தெர்மாமீட்டரை விட்டால் 95 டிகிரிதான். ஊர் 1,400 மீட்டருக்கும் மேலே. காற்றழுத்தம் குறைவு, நீர் 100ஐத் தொடும் முன்பே கொதித்துவிடுகிறது. தீயைக் கூட்டினால் ஆவிதான் கூடும், சூடு ஏறாது.

சரி, பழைய குக்கரை எடுத்தேன். விசிலே வரவில்லை! கைப்பிடிக்கு அடியில் மட்டும் நீர் முத்துமுத்தாகச் சொட்டியது. ரப்பர் வளையம் அந்த இடத்தில் விறைத்திருந்தது. (ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.) புது வளையம் போட்டதும் உள்ளே அழுத்தம் ஏறி, நீர் சுமார் 120 டிகிரி வரை சூடானது. 20 நிமிடத்தில் கடலை விரலில் நசுங்கியது.