பாக்ஸ் ஜம்ப்பில் கால் பிசகினால்: முதல் நாளிலிருந்து மறுபடி குதிக்கும்வரை

ஜிம்மில் பெட்டி மேல் குதித்து ஏறி இறங்கும் பாக்ஸ் ஜம்ப் பயிற்சி. இருபது நிமிடச் சுற்றில் கடைசி மூன்று நிமிடம். மூச்சு முட்டுகிறது, தொடை நடுங்குகிறது, கோச் "இன்னும் அஞ்சு, இன்னும் அஞ்சு" என்கிறார். பெட்டியிலிருந்து பின்பக்கமாகக் குதித்து இறங்கும்போது என் வலது பாதம் உள்பக்கம் மடிந்தது. டக்கென்று ஒரு சத்தம். ராத்திரிக்குள் கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி உப்பிவிட்டது. பத்தே நாளில் வலி போய்விட, பழையபடி குதிக்கக் கிளம்பினேன். மூன்றாம் வாரம் அதே காலில் அதே இடத்தில் மறுபடி சுளுக்கு. அந்த இரண்டாவது சுளுக்கு உங்களுக்கு வராமலிருக்கத்தான் இந்தப் பதிவு.

படி 1: எலும்பா, சுளுக்கா?

எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட ஒரு விதிமுறை இருக்கிறது. அவசரப் பிரிவுகளில் இன்றும் அதை வைத்துத்தான் எக்ஸ்ரே தேவையா என்று முடிவெடுக்கிறார்கள். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால்:

கணுக்காலில் இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பு இருக்கிறதல்லவா, அதன் நுனியிலும் அங்கிருந்து 6 செ.மீ. உயரம் வரை பின்விளிம்பிலும் விரலால் அழுத்துங்கள். பிறகு பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே முண்டாகத் தட்டுப்படும் எலும்பு, அதற்கு எதிரே உள்பக்கத்து நடுப்பாத எலும்பு. இவற்றில் எங்கே அழுத்தினாலும் எலும்பின் மேலேயே வலி உயிர் போகிறதென்றால் எக்ஸ்ரே எடுங்கள். நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலும் அப்படியே. கால் கோணிக்கொண்டு நின்றாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, குளிர்ந்து வெளுத்தாலோ எதையும் அழுத்திப் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். இந்தச் சோதனை பெரியவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு அடிபட்டால் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் தெளிவாகும் வரை சுளுக்கு எடுப்பவரிடம் காலை நீட்டாதீர்கள். உடைந்த எலும்பை உருவினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

படி 2: முதல் மூன்று நாள்

சூடு வேண்டாம். வெந்நீர் ஒத்தடம், தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது, குடி, "நடந்தா சரியாயிடும்" என்று ஓடிப் பார்ப்பது, எல்லாமே வீக்கத்தைக் கூட்டும்.

கிரேப் பேண்டேஜை விரல்களுக்குச் சற்றுப் பின்னாலிருந்து ஆரம்பித்து, எட்டு வடிவில் சுற்றிக்கொண்டே கணுக்காலுக்கு மேல் வரை கொண்டு வாருங்கள். விரல் நீலம் பாரித்தாலோ குறுகுறுத்தாலோ இறுக்கம் அதிகம், அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள். தூங்கும்போது கழற்றிவிடலாம். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்து, கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும்.

ஐஸ் வைக்கலாமா? ஓய்வு, ஐஸ், கட்டு, உயரம் என்ற சூத்திரத்தை 1978-இல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் அவரே மாற்றி எழுதினார். வீக்கம் என்பது உடம்பு பழுதுபார்க்க ஆள் அனுப்புகிற வேலையும்தான். என் கணக்கு இது: வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றி 10, 15 நிமிடம் வையுங்கள். வலி அடங்கிவிட்டதென்றால் ஐஸுக்கு வேலையில்லை.

படி 3: காலால் அ, ஆ, இ, ஈ

இரண்டாம் மூன்றாம் நாளிலேயே இதைத் தொடங்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, கட்டைவிரலைப் பேனாவாக்கி, காற்றில் அ முதல் ஃ வரை எழுதுங்கள். முழங்கால் அசையக் கூடாது, கணுக்கால்தான் எழுத வேண்டும். 'இ'யும் 'ஐ'யும் சுழித்துச் சுழித்துப் போவதால் கணுக்காலை எல்லாத் திசையிலும் திருப்பிவிடும். எனக்கு முதல் நாள் 'ஊ'விலேயே நின்றுவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று தடவை போதும்.

கூடவே, தாங்குகிற அளவுக்கு நடங்கள். பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் முந்தின நாள் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், ஒரு படி குறையுங்கள். ஜிம்முக்கு முழுக்குப் போடவும் வேண்டாம். உட்கார்ந்து செய்கிற டம்பெல் பயிற்சியெல்லாம் தாராளமாகச் செய்யலாம்.

படி 4: எல்லோரும் தாண்டிப் போகிற படி

நானும் இதைத்தான் தாண்டினேன். லிகமெண்ட் எலும்புகளைக் கட்டி வைக்கும் கயிறு மட்டுமல்ல. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. சுளுக்கில் லிகமெண்ட் கிழியும்போது அந்தத் தகவலும் மங்கிவிடும். வலி போன பிறகும் பாதம் மடிவதை உடம்பு தாமதமாகத்தான் உணரும், அதற்குள் சுளுக்கிவிடும்.

மருந்து மிக எளிது. பல் தேய்க்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். 30 விநாடி ஆடாமல் நிற்க வந்ததும், சுவருக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு முயலுங்கள். முதல் முயற்சியில் இரண்டு விநாடிகூடத் தாங்காது. அடுத்து, மடித்த தலையணை மேல் நின்று பழகுங்கள்.

கெண்டைக்கால் பலத்துக்கு, படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து எழும்பி, மெதுவாகக் குதிகாலை இறக்குங்கள். முதலில் இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக் காலில் 15 தடவையாக மூன்று சுற்று. லேசான சுளுக்கென்றால் இரண்டு மூன்று வாரத்தில் இதெல்லாம் வந்துவிடும். நடுத்தரமானதற்கு ஆறு வாரம்கூட ஆகலாம். அப்போதும் கால் 'நழுவுகிற' மாதிரி இருந்தால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

படி 5: மறுபடி குதிக்கலாமா?

சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, தொட முடிகிற கடைசித் தூரத்தை விரற்கடையால் அளந்துகொள்ளுங்கள். நல்ல காலுக்கும் இதற்கும் ஒரு விரலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்னும் பொறுங்கள். சரியாக இருந்தால் இரண்டு காலில் சின்னத் துள்ளல் 20, அடுத்து ஸ்கிப்பிங், அதன் பிறகு ஒற்றைக் கால் துள்ளல். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் விட்டு, மறுநாள் காலையில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு வந்தால் இருப்பதிலேயே குட்டையானதில் தொடங்குங்கள். வழக்கமான சுற்றில் பாதி, அதுவும் களைப்பு ஏறுவதற்கு முன்னால். மேலே குதியுங்கள், இறங்கும்போது ஒவ்வொரு காலாக வைத்து இறங்குங்கள். கோச் என்ன கத்தினாலும் சரி, நான் இன்னும் அப்படித்தான் இறங்குகிறேன்.