பயத்தில் தொடங்கி சுபத்தில் முடிக்க: சஸ்பென்ஸ் காதல் நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் குன்னூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, புதிதாக எழுத வந்திருக்கும் மூன்று பேரின் சஸ்பென்ஸ் காதல் நாவல்களைப் படித்தேன். மூன்றிலும் பழைய பங்களா, மூன்றிலும் பனிமூட்டம், மூன்றிலும் நான் இருபது வருடங்களுக்கு முன்பு செய்த அதே தவறு. எழுத்துப்பிழை, பாதியில் பெயர் மாறிப்போவது எல்லாம் திருத்தும்போது சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே பக்கத்தில் மன்னிப்பு

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

இந்த வகைக் கதையில் நாயகிக்கு இரண்டு பயங்கள். யாரோ அவளைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்பது ஒன்று. காதலிக்கிறவனே அந்த ஆளாக இருந்துவிட்டால் என்பது இன்னொன்று. வாசகி விடிய விடியப் படிப்பது இந்த இரண்டாவது பயத்துக்காகத்தான். வில்லன் பிடிபட்டதும் முதல் பயம் போய்விடும். இரண்டாவது அவ்வளவு சுலபத்தில் போகாது.

என் முதல் நாவலின் நாயகன், கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் மேனேஜர். நாயகியின் அண்ணன் எப்படிச் செத்தான் என்று கண்டுபிடிக்க, பெயரை மாற்றிச் சொல்லி அவளோடு பழகுவான். சந்தேகம் வந்த நாளிலிருந்து அவள் கதவைத் தாழிட்டு, நாற்காலியை அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பாள். கடைசியில் வில்லன் பள்ளத்தில் விழுந்தான், அவள் இவன் மார்பில் சாய்ந்தாள், நான் 'சுபம்' போட்டேன். திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதினார். ஆறு மாதம் பொய் சொன்னவனோடு அவள் எப்படி ஒரே வீட்டில் நிம்மதியாகத் தூங்குவாள் என்று கேட்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த இரண்டு கதைகளையும் பதிப்பகம் திருப்பி அனுப்பியது.

அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் காதல் நாவலுக்குச் சொல்லும் நிபந்தனைகள் இரண்டே இரண்டு: மையத்தில் காதல், மனநிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு. நாம் முடிவைப் பிடித்துக்கொண்டு மனநிறைவை விட்டுவிடுகிறோம். இருவரும் சேருவார்கள் என்று வாசகிக்கு முதலிலேயே தெரியும். அது தெரிந்திருப்பதால்தான் அத்தனை பயத்தையும் அவரால் ரசிக்க முடிகிறது. அவள் அவனை எப்படி மறுபடி நம்பப்போகிறாள் என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதைக் காட்டாமல் முடித்தால் பாதிக் கதைதான் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே, மன்னிப்புக்கான வேலையைக் கதையின் நடுவிலேயே தொடங்குங்கள். அவள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவனே ஒரு உண்மையைச் சொல்லட்டும். அதனால் அவனுக்கு ஏதாவது நஷ்டம் வரட்டும். மஞ்சூரில் அம்மா இருக்கிறார் என்று அவன் சொல்லியிருந்தால், அவள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வில்லன் போன பிறகும் இரண்டு அத்தியாயம் வையுங்கள். ஒவ்வொரு பொய்யாக எடுத்து அவள் கேட்கட்டும். அவன் பதில் சொல்லட்டும்.

ஊரை விசாரிக்காமல் எழுதுவது

மூன்றில் ஒரு கதையில், வில்லன் ராத்திரி பதினொரு மணிக்கு நாயகியைக் கடத்தி, கூடலூரிலிருந்து பந்திப்பூர் காடு வழியாக மைசூர் போகிறான். அந்தச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை, அவசர வாகனங்களும் சில பேருந்துகளும் தவிர, எதையும் விடுவதில்லை. தெரிந்திருந்தால் கக்கநல்லா சோதனைச்சாவடியில் விடியும்வரை அந்தக் காரை நிறுத்தி வைத்திருக்கலாமே! எவ்வளவு நல்ல காட்சி கைவிட்டுப் போனது.

இன்னொன்றில் மலை ரயில் சீறிப் பாய்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் ரயில் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். துரத்தலுக்கு அது உதவாது. ஆனால் சந்தேகப்படுகிற ஆளுக்கு எதிர் சீட்டில், பதினாறு குகைகளின் இருட்டையும் கடந்து அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள்.

கடைசி அத்தியாயத்தில் அறிமுகமாகும் வில்லன்

வேண்டவே வேண்டாம்.

நாயகியைக் கட்டிப்போட்டுவிட்டு, அவளைக் காப்பாற்ற நாயகனை ஓடவிடுவது

கயிற்றை அவளே அறுக்கட்டும்.

எபிலாக்கில் (கதை முடிந்த பிறகு வரும் குட்டி அத்தியாயத்தில்) இரட்டைக் குழந்தைகள்

வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, கதவைத் தாழிடாமல் அவள் தூங்கிய ஒரு ராத்திரியை எழுதிவிடுங்கள்.