ஒற்றை எலக்ட்ரான் ஓட்டத்துக்குப் பின்னூட்டக் கடிவாளம்: பைத்தானில் செய்து பார்ப்போம்

ஒரு பிக்கோ ஆம்பியர் மிகச் சிறிய மின்னோட்டம்தான். அதிலேயே நொடிக்குச் சுமார் 62 லட்சம் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. நொடிக்கு ஆயிரம் மட்டுமே கடக்கும் நானோ சாதனத்தில் சாதாரண அம்மீட்டருக்கு வேலையில்லை, ஒவ்வொன்றாக எண்ணத்தான் வேண்டும். அதற்காக, எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அடைத்து வைக்கும் மிகச் சிறிய இடமான குவாண்டம் புள்ளியை ஒட்டி ஒரு குறுகிய மின்பாதையை அமைப்பார்கள். புள்ளிக்குள் எலக்ட்ரான் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பாதையின் மின்னோட்டம் ஒரு படி இறங்கும், வெளியேறியதும் ஏறும்.

எண்ண முடிந்தால் கட்டுப்படுத்தவும் முடியும் என்று 2010இல் இயற்பியலாளர் தோபியாஸ் பிராண்டெஸ் கணக்கிட்டுக் காட்டினார். 2017இல் ஜெர்மனியின் ஹானோவர் ஆய்வாளர்கள் அதைச் செய்தே காட்டினார்கள். அவர்களுடைய குளிர்விப்புக் கருவி நம் வீட்டில் இல்லை. பைத்தான் நிரல்மொழியில் ஒரு சுழற்சி (loop) எழுதத் தெரிந்தால் போதும், அதன் சாரத்தைப் பார்த்துவிடலாம்.

படி 1: கட்டுப்பாடில்லா ஓட்டம்

எலக்ட்ரான் புள்ளிக்குள் வரவும் வெளியேறவும் ஒரு தடுப்பைக் கடக்க வேண்டும்; எப்போது அதை ஊடுருவும் என்பது தற்செயல். காலத்தை 10 மைக்ரோநொடித் துண்டுகளாக வெட்டுங்கள். நொடிக்கு 1000 என்ற சராசரிக்கு, ஒரு துண்டில் ஒன்று கடக்கும் வாய்ப்பு 0.01. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுங்கள், அது 0.01ஐவிடக் குறைவென்றால் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுங்கள். 2 நொடிக்கு 2 லட்சம் துண்டுகள். (உண்மையான புள்ளியில் நுழைவும் வெளியேற்றமும் தனித்தனி நிகழ்வுகள். இப்போதைக்கு ஒன்றே போதும்.)

படி 2: சிதறலை அளத்தல்

இதையே 100 முறை ஓட்டுங்கள். பைத்தானின் கணக்கீட்டு நூலகமான நம்பையின் (NumPy) அணியாக எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் விரைவில் முடியும். சராசரி 2000, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 45 வாக்கில் வரும்.

படி 3: பின்னூட்டம்

உயிர்நாடி இதுதான். ஒவ்வொரு துண்டிலும், இந்நேரம் கடந்திருக்க வேண்டிய எண்ணிக்கையிலிருந்து உண்மையில் கடந்ததைக் கழியுங்கள். அதுதான் பிழை. அடுத்த துண்டின் வாய்ப்பு = 0.01 × (1 + 0.02 × பிழை). 300 கடந்திருக்க வேண்டிய நேரத்தில் 290தான் கடந்தது என்றால் வாய்ப்பு 0.012 ஆக ஏறும்; 310 கடந்துவிட்டால் 0.008 ஆக இறங்கும். விடை எதிர்மறையானால் பூஜ்யமாக்கிவிடுங்கள். ஆய்வகத்தில் இந்த வேலையை, எலக்ட்ரான் கடக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வாயில் மின்னழுத்தம் (gate voltage) செய்கிறது.

மறுபடி 100 முறை ஓட்டுங்கள். விலக்கம் 5 அளவுக்குச் சுருங்கியிருக்கும். 20 நொடி ஓட்டினாலும் அதே 5தான். பின்னூட்டம் இல்லாமல் ஓட்டினால் அது 140ஐத் தாண்டும். அடுத்த எலக்ட்ரான் எப்போது வரும் என்பது இன்னமும் தற்செயல்தான். பிழை சேர்ந்து பெருகுவது மட்டுமே நின்றிருக்கிறது.

படி 4: பேராசையும் தாமதமும்

0.02ஐ 0.2 ஆக்கினால் விலக்கம் 1.6 வரை இறங்கும். அத்துடன் நிறுத்தாமல், உண்மையான கருவிக்கு இருக்கும் தாமதத்தையும் சேருங்கள்: இப்போதைய பிழைக்குப் பதிலாக 10 மில்லிநொடிக்கு முந்தைய பிழையைக் கொடுங்கள். 0.02இல் பெரிதாக எதுவும் மாறாது. 0.2இலோ எண்ணிக்கை சற்று நேரம் அசையாமல் நிற்கும், பிறகு மளமளவென்று ஏறும், மறுபடி நிற்கும். பிழையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் அந்த ஊசலாட்டம் பளிச்சென்று தெரியும். அடுத்து 0.02க்கும் 0.2க்கும் இடையே எந்த இடத்தில் அது தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள்.