பின்னியதைப் பிரிக்கவும் ஒரு பாஷை: டிங்க், லைஃப்லைன், ஃப்ராக்

நிட்டிங், அதாவது இரண்டு ஊசிகளால் நூல் பின்னுவது, பழகப் போனால் சீக்கிரமே காதில் விழும் சொல் 'ஃப்ராக்'. "நேத்து ஸ்வெட்டர்ல ஒரு கை முழுக்க ஃப்ராக் பண்ணிட்டேன்" என்று ஒருவர் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர்கள் "அடடா!" என்பார்கள். ஊசியை உருவிவிட்டு, பின்னிய வரிசைகளைச் சரசரவென்று இழுத்துப் பிரித்துவிட்டார் என்று பொருள். ஆங்கிலத்தில் 'ரிப் இட், ரிப் இட்' என்றால் பிரி, பிரி. அவர்கள் காதுக்குத் தவளையும் 'ரிபிட், ரிபிட்' என்றுதான் கத்தும். அப்படித்தான் தவளை இங்கே வந்து சேர்ந்தது.

பின்னுகிறவர்களின் குழூஉக்குறிகளில் முதலில் பழக வேண்டியவை பிரிப்பதைப் பற்றிய மூன்று சொற்கள் என்பேன். மனப்பாடம் செய்ய வேண்டாம், ஊசியும் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஸ்வாட்ச்
ஸ்வாட்ச் என்றால் மாதிரித் துண்டு. 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி), எத்தனை வரிசை வருகிறது என்று அதில் அளப்பதுதான் கேஜ். இன்று அளக்கப்போவதில்லை. ஊசியில் 20 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று 10 வரிசை பின்னுங்கள். வெளிர் நிற, வழவழப்பான நூல் நல்லது. மொஹேர் என்னும் ஆட்டு ரோம நூல் வேண்டவே வேண்டாம். அதன் ரோமங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிரிய மறுக்கும்.

படி 2: டிங்க்
'நிட்' என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் 'டிங்க்'. செய்வதும் அதேதான்: ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போவது. 11ஆவது வரிசையில் ஐந்து கண்ணி நிட் போட்டு நிறுத்துங்கள். வலது ஊசியின் நுனியில் இருக்கும் கண்ணிக்கு நேர் கீழே பாருங்கள், முந்தைய வரிசையின் கண்ணி சின்ன வளையமாகத் தெரியும். இடது ஊசியை முன்னாலிருந்து பின்னால் அதற்குள் நுழையுங்கள். மேலே உள்ள அந்த ஒரு கண்ணியிலிருந்து மட்டும் வலது ஊசியை உருவி, நூலை மெல்ல இழுங்கள். மேல் கண்ணி அவிழ்ந்து, கீழ்க் கண்ணி இடது ஊசியில் உட்கார்ந்துவிடும். ஐந்தையும் இப்படியே திருப்புங்கள். பர்ல் வரிசையிலும் இதே முறைதான், நூல் மட்டும் முன்பக்கம் இருக்கும்.

படி 3: லைஃப்லைன்
உயிர்க்கயிறு. பெயர் மிகையில்லை. இது போடாமல் லேஸ் சால்வை பின்னி, பிரித்தபோது எந்தக் கண்ணி எந்த வரிசை என்றே புரியாமல் மொத்தத்தையும் இழந்திருக்கிறேன். வேறு நிறத்தில் மெல்லிய பருத்தி நூலை மொட்டை முனைத் தையல் ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் 20 கண்ணிகளுக்குள்ளும் ஓட்டுங்கள். இரு பக்கமும் ஒரு சாண் நூல் தொங்கட்டும். அடையாள வளையம் போட்டிருந்தால் அதற்குள் நூல் போகக் கூடாது. எந்த வரிசை என்று எழுதி வைத்துவிட்டு மேலே நான்கு வரிசை பின்னுங்கள்.

படி 4: ஃப்ராக்
இப்போது ஊசியை உருவுங்கள். முதல்முறை கை நடுங்கும், பரவாயில்லை. நூலை இழுக்க இழுக்க நான்கு வரிசையும் பிரிந்து, லைஃப்லைன் வந்ததும் தானாக நிற்கும். அந்த நூல் போகும் வழியிலேயே, ஒரு அளவு சிறிய ஊசியைக் கண்ணிகளுக்குள் விடுங்கள். ஒவ்வொரு கண்ணியின் வலது கால், அதாவது வளையத்தின் வலப்பக்க இழை, ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் திருப்பிப் போடுங்கள்.

லைஃப்லைன் இல்லாதபோது, வேண்டிய வரிசைக்கு ஒரு வரிசை மேலேயே ஃப்ராக்கை நிறுத்திவிட்டுக் கடைசி வரிசையை டிங்க் செய்யுங்கள். கண்ணி நழுவாது.

பிரித்த நூல் சுருள் சுருளாக நெளிந்திருக்கும். தளர்வாகச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, தொங்கவிட்டுக் காயவைத்தால் நேராகிவிடும்.

இனி கேட்கப்போகும் மற்ற சொற்கள் எளிது. சேர்த்து வைத்த நூல் 'ஸ்டாஷ்'. ஆயுள் முழுக்கப் பின்னினாலும் தீராத அளவு சேர்ந்துவிட்டால் 'சேபிள்'. ஒரு சாக்ஸ் முடிந்ததும் ஜோடியைத் தொட மனம் வராதது 'இரண்டாம் சாக்ஸ் நோய்'. ஊசியில் ஓடிக்கொண்டிருப்பது 'விப்'. பாதியில் தூங்குவது 'யு.எஃப்.ஓ.', ஆங்கிலத்தில் முடிக்கப்படாத பொருள் என்பதன் சுருக்கம். அப்படி ஒன்றை எடுத்து வைக்கும் முன் ஊசி அளவையும் வரிசை எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, அதிலேயே கட்டிவிடுங்கள்.