பழைய பைக்குக்கு பொல்யூஷன் டெஸ்ட் எடுக்கப் போறீங்களா?
வீட்டு வாசல்ல ஸ்டார்ட் பண்ணி நேரா பக்கத்து பங்க்குக்கு போயிடாதீங்க, ஒரு பத்து பதினைஞ்சு நிமிஷம் ஓட்டி இன்ஜின் நல்லா சூடானப்புறம் போங்க, சோக் முழுசா உள்ள போயிருக்கான்னும் பாத்துக்கோங்க, முதல் நாளே ஏர் ஃபில்டரையும் தட்டி க்ளீன் பண்ணிடுங்க, ரொம்ப கருத்துப் போயிருந்தா புதுசே மாத்திடலாம், பெரிய செலவில்ல.

கார்புரேட்டர் வண்டில இன்ஜின் குளிர்ச்சியா இருந்தாலோ ஃபில்டர் அடைச்சிருந்தாலோ காத்தைவிட பெட்ரோல் அதிகமா போகும், அது முழுசா எரியாம கார்பன் மோனாக்சைடு ஏறிடும். 2000 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த, பிஎஸ்3 (பாரத் ஸ்டேஜ் 3ங்கிற புகை விதி) வரைக்குமான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு லிமிட் 3.5 சதவீதம், அதனால பார்டர்ல இருக்குற வண்டிக்கு பல சமயம் இதுவே போதும், ட்யூனிங்னு தனியா காசு குடுக்க வேண்டியிருக்காது.

ஆனா ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி சைலன்சர்ல நீலப் புகை வருதுன்னா இது உதவாது. ஆயில் எரியுதுன்னு அர்த்தம், பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும், மெக்கானிக்கிட்ட காட்டித்தான் ஆகணும். அதைத் தள்ளிப்போடாதீங்க, பின்னாடி வர்றவங்க மூச்சும் முக்கியம்.